திறப்புக்கு அடங்காத கார்

அச்சுவேலிச் சந்தியைச் சுற்றி வாகன வயரிங் செய்கிற எந்தத் தம்பியிடம் போனாலும் முதற் கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, டிறெக்டா குடுக்கவோ, திறப்பில குடுக்கவோ?" டிறெக்ட் என்றால் பற்றரியிலிருந்து நேரே வயர். கார் நித்திரை கொண்டாலும் பூட்டின சாமான் விழித்திருக்கும். திறப்பில் கொடுத்தால், திறப்பைத் திருப்பினால்தான் அதற்கு உயிர் வரும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நாங்கள் யோசித்து வாய் திறக்க முதலே தம்பி டிறெக்டாகக் கொடுத்து முடித்திருப்பார். ஏன் தம்பி என்றால், "அதுதான் அண்ணை சுகம்." யாருக்குச் சுகம் என்று கேட்பதற்கிடையில் பொனற் மூடப்பட்டுவிடும்.

எங்கள் வீட்டு அல்ட்டோவுக்கு வந்த வினை ரொறன்ரோவில் இருந்து வந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மச்சான் பெட்டியைத் திறந்து சொக்கலேற்றுக்கும் பிளேட்டுக்கும் நடுவிலிருந்து ஒரு டாஷ் கமரா எடுத்தார். முன் கண்ணாடியில் ஒட்டினால் தெருவில் நடப்பதெல்லாம் பதிவாகுமாம். அச்சுவேலித் தெருவில் என்ன நடக்கும் என்று மாமி கேட்டா. மாடு படுத்திருக்கும். சரி, அது பதிவாகட்டும். தம்பி வந்தார், டிறெக்டாகக் கொடுத்தார், போனார்.

இப்படியான கமரா கால் அம்பியர் அளவில் குடிக்கும். கேட்கச் சின்னத் தொகை. ஒரு நாளுக்கு 24 மணித்தியாலம் என்று பெருக்கினால் 6 அம்பியர் மணி. சின்னக் கார்ப் பற்றரி 35 அம்பியர் மணியை ஒட்டியதுதான், அதிலும் அரைவாசிக்குக் கீழே இறங்கினால் ஸ்ராட்டர் முனகத் தொடங்கும். ஆக, மூன்று நாள் கார் வெளிக்கிடாமல் நின்றால் நாலாம் நாள் தள்ளத்தான் வேணும். மச்சான் ரொறன்ரோவுக்குத் திரும்புகிற நாளும் நாலாம் நாளாக அமைந்தது. புத்தூர்ப் பக்கம் போகிற ஓட்டோவை மறித்து அவரை அனுப்பிவைத்தோம். கார் ஸ்ராட் ஆகாத காட்சியைக் கமரா கடைசிச் சொட்டு மின்சாரம் வரை துல்லியமாகப் பதிந்திருந்தது.

பெடியனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இந்த டிறெக்ட் என்கிற வியாதிக்கு வரலாறு இருக்கிறது. 1990இல் போர் திரும்ப மூண்ட பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெற்றோலில் இருந்து ரோச் பற்றரி வரைக்கும் தடை. அந்தக் காலத்தில் கார்ப் பற்றரி காருக்குச் சொந்தமில்லை, வீட்டுக்குச் சொந்தம். ஒழுங்கையில் நின்ற ஓஸ்ரின் ஏ40 மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆகவே முதலில் பெற்றோலில் சில துளி காபரேற்றருக்குப் பருக்கி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேணும். வெள்ளைக்காரன் பேகசன் உழவு இயந்திரத்தை இதே முறையில்தான் ஓட்டினான், அதற்கென்றே எண்ணெயும் தனியாக விற்றான். எங்களிடம் விற்க ஆளில்லை, புகை மட்டும் இருந்தது.

அந்த ஏ40இல் திறப்பு என்பது ஒரு மரியாதைக்கு. அது கொயிலுக்குக் கறண்ட் விடும், அவ்வளவுதான். ஸ்ராட் பண்ணத் தனியாக ஒரு குமிழை இழுக்க வேணும், பற்றரி தளர்ந்தால் முன்னால் ஹாண்டில் போட்டுச் சுழற்ற வேணும். லூக்காஸ் கொம்பனிக்காரன் ஒழுங்காகத்தான் செய்து அனுப்பினான்: மண்ணிற வயர் எப்போதும் உயிரோடு, வெள்ளை திறப்போடு, பச்சை திறப்போடு பியூசும் சேர்த்து. தடைக்காலத்தில் நிறம் பார்க்க யாருக்குப் பொழுது? கையில் அகப்பட்ட வயர்தான் வயர், சிகரெட் பெட்டி வெள்ளித்தாள்தான் பியூஸ். கூத்து என்னவென்றால், அந்தக் கார்களில் பொசிற்றிவ் முனைதான் பொடியில் பூட்டியிருக்கும், இன்றைய காருக்கு நேர் எதிர். போன வருசம் ஊரில் ஒருவர் தன் மொறிஸ் மைனருக்குப் போன் சார்ஜர் பூட்டுவித்தார். போன் சார்ஜ் ஆகவில்லை. மைனர் மட்டும் பழைய ஞாபகத்தில் புகைத்துக் காட்டியது.

ஆனால் அதே காலத்தில்தான் திறப்புக்கு முழுமையாக அடங்கிய ஒரு சாமானையும் எங்கள் ஆட்கள் செய்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்ற, சில்லில் உரசுகிற 6 வோல்ற் டைனமோவில் றேடியோ பாடும். இரவில் பிபிசி தமிழோசை கேட்க ஒரு வீட்டில் பத்துப் பேர் கூடினால் ஒருவருக்குச் சுற்றுகிற வேலை. அவர் வாயைப் பிளந்து செய்தியைக் கேட்கத் தொடங்கினால் கை தளரும், கை தளர்ந்தால் செய்தியாளரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். "சுத்தடா!" என்று மற்ற ஒன்பது பேரும் கத்த, குரல் திரும்ப மேலே வரும். இழுத்துவிட்ட வயர் இல்லை, மறந்துபோய்ப் போட்டுவிட்ட சுவிச் இல்லை, விடிய இறங்கிப்போகப் பற்றரியே இல்லை. சுற்றினால் இருக்கிறது, விட்டால் இல்லை. பெரிய கார்க் கொம்பனிக்காரர்கள் இதற்குத்தான் அத்தனை வயர் இழுக்கிறார்கள்.

2022இல் பெற்றோல் வரிசை வந்தபோது வேறொரு பாடம். திறப்பில் ஏசிசி என்றொரு படி இருக்கிறது: எஞ்சின் ஓடாது, றேடியோ மட்டும் பாடும். வரிசையில் நின்ற எல்லாரும் அந்தப் படியில் வைத்துப் பாட்டுக் கேட்டோம். கியூஆர் அட்டை வந்து முறை நெருங்குகையில் பாதிக் கார்கள் ஸ்ராட் ஆகவில்லை. யாரும் கவலைப்படவில்லை, பெற்றோலை மிச்சம் பிடிக்க எப்படியும் தள்ளிக்கொண்டுதானே வந்தோம்.

கடைசியில் யாழ்ப்பாண டவுனில் இருந்து இன்னொரு தம்பியைக் கூப்பிட்டேன். நெற்றியில் லைற், வாயில் வயர், கையில் ரெஸ்ற் லாம்ப். பியூஸ் பெட்டிக்குள் ஒவ்வொரு காலாகத் தொட்டுத் தொட்டுத் திறப்பைத் திருப்பச் சொன்னார். திறப்பு ஓஃப், பல்ப் எரிகிறது. வேண்டாம். அடுத்தது. திறப்பு ஏசிசி, எரிகிறது, ஓஃப், அணைகிறது. "இதுதான் அண்ணை எங்கட ஆள்." றேடியோவுக்குப் பின்னால் கையை விட்டவர் சிரித்தார். மஞ்சள் வயர் ஞாபகத்துக்கு, எப்போதும் கறண்ட் வேணும். சிவப்பு வயர் திறப்புக்கு. முந்தின தம்பி இரண்டையும் முறுக்கி ஒன்றாக்கியிருந்தார், அதனால்தான் திறப்பைக் கழற்றிய பிறகும் றேடியோ பாடிக்கொண்டிருந்தது. வீட்டில் சிலர் அதைப் பேய் என்றும் நினைத்திருந்தார்கள்.

கமராவையும் பின்னால் பூட்டின மேலதிக லைற்றையும் ஒரு றிலேயில் கொடுத்தார். றிலே என்பது கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பா: தானொன்றும் தூக்க மாட்டார், தலையசைத்தால் போதும், மற்றவர்கள் கிடாரத்தைத் தூக்குவார்கள். திறப்பில் இருந்து ஒரு மெல்லிய வயர் 86க்கு, 85 பொடிக்கு, பற்றரியில் இருந்து பியூஸ் போட்டு வந்த தடித்த வயர் 30க்கு, 87 சாமானுக்கு. இந்த இலக்கங்கள் ஜேர்மன்காரன் நியமித்தவை, ரொறன்ரோ றிலேயிலும் அதே இலக்கம்தான். மெல்லிய வயரில் ஓடுவது ஒரு அம்பியரில் சிறு பங்கு, அதனால் திறப்பு சுடாது. அழகான வேலை. முதற் தரமாக எங்கள் கார் திறப்பைக் கழற்றியதும் முழுதாக இறந்துபோனது.

இந்த நிம்மதி மறுநாள் பின்னேரம் வரை. மாமிக்குப் பழக்கம், பின்னேரத்தில் மாமரத்துக்குக் கீழ் நிற்கிற காருக்குள் இருந்து றேடியோவில் பழைய பாட்டுக் கேட்பது. இப்போது திறப்பில்லாமல் பாடாது என்றதும் திறப்பை வாங்கிக்கொண்டு போய் ஏசிசியில் வைத்தா. அன்றிரவு மழை, மாமி உள்ளே வந்துவிட்டா, திறப்பு காரிலேயே இருந்தது. விடியப் பார்த்தால் பற்றரி செத்திருந்தது. நானும் தம்பியும் பொனற்றைத் திறந்துகொண்டு நிற்க, மாமி திண்ணையில் இருந்தபடியே கேட்டா:

"அந்த நாளையில சைக்கிள் பெடலைச் சுத்தியே செய்தி கேட்டனாங்கள். உங்கட காரில மிதிக்கிறது மூண்டு கிடக்கு. ஒண்டிலயாவது கறண்ட் வராதோ?"