எலுமிச்சை மணம் யாருக்குச் சொந்தம்? ஒரு விசாரணை

தமிழர் வீட்டில் எலுமிச்சை அதிகம் மணக்கும் இடம் சாப்பாட்டுத் தட்டு என்பர் பழங்கொள்கையினர். அற்றன்று. எலுமிச்சை சாதம் தின்ற தட்டைவிட, அதைத் துலக்கும் சோப்புதான் ஊரைக் கூட்டுகிறது. இம்முரணை இதுவரை ஒருவரும் ஆராயாதது அறிவுலகின் பெருங்குறை.

முதலில் பொருளை வரையறுப்போம். எலுமிச்சையை மூக்குக்கு அறிவிப்பது சிட்ரால் என்னும் ஆல்டிஹைடு. ஜெரானியல், நெரால் என அதற்கு இரு வடிவங்கள். மணத்தில் மூத்தது ஜெரானியல். பழத்தோலின் எண்ணெயில் சிட்ரால் நூற்றுக்கு ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவதில்லை. பெரும்பங்கு லிமோனீனுக்கே. எலுமிச்சைப் புல்லின் தைலத்திலோ 70 முதல் 80 வரை. கொச்சித் துறைமுகத்தில் கப்பலேறி, 'கொச்சின் எண்ணெய்' என்றே உலகச் சந்தையில் பெயரெடுத்தது இந்தத் தைலம்தான். ஆகவே பழம் தொடுக்கும் உரிமை வழக்கு முதல் விசாரணையிலேயே தள்ளுபடியாகிறது.

சோற்றில் சாறு பிழிகிறோமே எனின், பிழிவது சிட்ரிக் அமிலத்தை. சிட்ரால் தோலின் எண்ணெய்ப் பைகளில் கிடக்கிறது. பிழியும்போது விரலில் கொஞ்சம் தெறிக்கும். அதையும் உடனே கழுவிவிட்டு, தோலைக் குப்பையில் போடுகிறோம். சிட்ராலுக்கும் அமிலத்துக்கும் ஆகவே ஆகாது. பழத்துக்குள் இரண்டும் தனிக்குடித்தனம் நடத்துவதால் பிழைக்கின்றன. பாட்டிலில் ஒன்றாக அடைத்தால் சிட்ரால் சிதைந்து, நாள்பட்ட எலுமிச்சைப் பானத்துக்கு அந்த மருந்து வாடை வந்துவிடுகிறது. ஊறுகாயில் தோலும் உண்டே என்பார்க்கு, தோலைப் புளிப்பிலேயே மாதக்கணக்கில் ஊறவைப்பதைச் சுட்டுவதே போதும்.

சோப்பின் காரமும் சிட்ராலுக்கு ஒத்துவராது. எனவே அங்கே காரம் தாங்கும் நைட்ரைல் வகைச் சேர்மங்களை வைத்து எலுமிச்சை வேடம் கட்டுவது வாசனைத் தொழிலில் சகஜம். உறையில் படமாக இருக்கும் பழம் உள்ளே எட்டிப் பார்த்திராமலே போகலாம்.

உண்மைச் சிட்ரால் எங்கே போகிறது? ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபெனில் பிஏஎஸ்எஃப் என்னும் வேதிப்பொருள் நிறுவனம் அதை ஐசோபியூட்டீன், ஃபார்மால்டிஹைடு ஆகியவற்றிலிருந்தே ஆக்குகிறது. புல்லும் வேண்டாம், பழமும் வேண்டாம். அதில் ஒரு பகுதி வைட்டமின் ஏ ஆகிறது. சிட்ராலிலிருந்து அயனோனைச் செய்து வயலட் பூவின் மணத்தைப் பிடிக்கும் வித்தையை டீமன், க்ரூகர் என்னும் வேதியியலாளர்கள் 1893-லேயே காட்டிவிட்டார்கள். தேனீக்கள் அதற்கும் முந்தியவை: தங்கள் உடற்சுரப்பியிலிருந்து சிட்ராலை வீசித்தான் உறவினரை அழைக்கின்றன. காலிப் பெட்டிக்குக் கூட்டத்தை இழுக்க தேனீ வளர்ப்போர் புல் தைலம் தடவுவது இதனால்தான்.

இனித் தோலுக்கு உரிய மரியாதை நம்மிடம் எங்கேனும் உண்டா என்றால், உண்டு. புது வண்டிக்குப் பூஜை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு பழம் வைத்து ஏற்றுகிறோம். எண்ணெய்ப் பைகள் மொத்தமாக வெடிக்கின்றன. தோலின் சிட்ரால் குறைவற இறங்குவது டயரில்தான்.