தலைக்கு அரை நட்சத்திரம்

எங்கள் தெருவில் ஒருவர் வாரத்துக்கு ஏழு மர்ம நாவல் படித்து ஏழுக்கும் நட்சத்திரம் போட்டுவிடுகிறார். இப்படி நாலு பேர் கண்டிப்பாக இருப்பதால்தான் எழுத்தாளர்கள் கொஞ்சம் அடங்கியிருக்கிறார்கள்.

முறை எளிது. கடைசி அத்தியாயம்தான் முதலில். கொலைகாரன் கிடைத்த பிறகு நடுவில் இருநூறு பக்கம் எதற்கு? அகதா கிறிஸ்டியின், 1926-இல் வெளியான ரோஜர் அக்ராய்டு கொலையை ஒரு காபி ஆறுவதற்குள் முடித்தார். 'முடிவு முன்பே தெரிந்துவிட்டது. இரண்டு.' 1934-இன் ஓரியண்ட் எக்ஸ்பிரஸுக்கு ஒன்றரை. ரயில் பனியில் மாட்டித் தாமதமாகிறதாம். 1939-இல் பத்துப் பேரைத் தீவுக்கு அனுப்பிய நாவலுக்கு மட்டும் முழுசாக ஐந்து. தலைக்கு அரை நட்சத்திரம். கணக்கில் பிசகமாட்டார்.

சுஜாதாவுக்கும் சலுகை இல்லை. அவர் கதைகளில் கணேஷ் வழக்கை முடித்தாலும் வசந்த் அந்த மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கை முடிக்கவில்லையே! தீராத மர்மம், ஒன்று கழிவு. ராஜேஷ்குமார் 1500 நாவல்களுக்கு மேல் எழுதிவிட்டார். வாரம் ஏழு படித்தாலும் நாலு வருஷம் தாண்டும். ஆகவே மொத்த விலையில் மூன்றரை.

போன ஞாயிறு வாடகை நூலகத்தில் எடுத்த நாவலில் கடைசித் தாள்களை யாரோ கிழித்திருந்தார்கள். வேறு வழியின்றி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். இரவுச் சாப்பாட்டை மறந்து, விடியும்வரை கீழே வைக்கவில்லையாம்.

ஒரே ஒரு நட்சத்திரம். காரணமும் எழுதியிருக்கிறார்: 'நேரத்தை விழுங்குகிறது.'