கரிக்கு என்ன வேலை? மீன்தொட்டிக் கேள்வி-பதில்

கே: அண்ணாச்சி, ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டுவிட்டால் தொட்டித் தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்கிறார் கடைக்காரர். நிஜமா?
(வாசகர், வண்ணார்பேட்டை)

ப: கரி விற்கிறவர் கரியைக் குறைத்தா பேசுவார்? மஞ்சள் நிறம், வாடை, குளோரின், மருந்து, அழுகிய தீனியும் இலையும் விடும் கசடு, இவற்றைக் கரி பிடிக்கும். மீனைக் கொல்வது அம்மோனியா. அதைக் கரி ஏறிட்டும் பார்க்காது. நைட்ரைட், நைட்ரேட், உப்பு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். தண்ணீர் பளிச்சென்று தெரியும், மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வாரத்துக்குக் கால்வாசித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி என்றால் கொள்ளளவு 56 லிட்டர். ஒரு வாளி வேலைதான்.

கே: கரி சல்லடை போல வடிகட்டுகிறதா?
(வாசகர், பேட்டை)

ப: வடிகட்டுவது பஞ்சு. கரி தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. சிரட்டையைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, பிறகு 800 முதல் 1000 டிகிரி சூட்டில் நீராவியைச் செலுத்தினால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் விழும். அந்தத் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப்போட்டால் ஒரு கிராம் கரிக்குள் சுமார் 1000 சதுர மீட்டர். நம் கணக்கில் 25 சென்ட் மனை. பாளையங்கோட்டையில் இன்றைக்கு யாருக்கு வாய்க்கும்? மனை நிரம்பிவிட்டால் புதிதாக எதுவும் குடியேற முடியாது, அவ்வளவுதான். முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிக்குள் அடைத்ததும் இந்தச் சிரட்டைக் கரியைத்தான். தேங்காய் போதாமல் 1918-ல் அமெரிக்காவில் பீச் பழக்கொட்டையை ஊர் ஊராகச் சேகரித்தார்கள்.

கே: எங்கள் வீட்டில் சிரட்டை மலையாகக் கிடக்கிறது. நாமே சுட்டுப் போட்டால் என்ன? இஸ்திரி வண்டிக் கரியும் கைவசம் உண்டு.
(வாசகி, ஸ்ரீவைகுண்டம்)

ப: சுட்டால் கரி கிடைக்கும், 25 சென்ட் கிடைக்காது. அந்தச் சூடும் நீராவியும் ஆலையில்தான் சாத்தியம். அடுப்புக் கரியிலும் இஸ்திரிக் கரியிலும் சாம்பல் வேறு இருக்கும். அது கரைந்து தண்ணீரின் காரத்தை ஏற்றிவிடும். சிரட்டையை வாங்க வருகிறவரிடம் கொடுத்துக் காசாக்குங்கள். அது ஆலைக்குப் போய், பாக்கெட்டில் அடைபட்டு, பத்து மடங்கு விலையில் உங்களிடமே திரும்பி வரட்டும். பொருளாதாரம் என்பது அதுதானே.

கே: கோல்டு ஃபிஷ்ஷுக்கு வெள்ளைப்புள்ளி நோய். ராத்திரி மெத்திலீன் ப்ளூ ஊற்றினேன், தண்ணீர் நீலமாக இருந்தது. காலையில் பார்த்தால் நிறமே இல்லை. போலி மருந்தா?
(வாசகர், மேலப்பாளையம்)

ப: மருந்து அசல், அதை ராத்திரியிலேயே குடித்துவிட்ட ஃபில்டர் கரியும் அசல். நோய் மட்டும் மீனிடமே இருக்கிறது. மருந்து ஊற்றுகிற நாளில் கரிப் பையை வெளியே எடுக்க வேண்டும். மருந்துக் கெடு முடிந்தபிறகு புதுக் கரி போட்டால், மிச்ச மருந்தை அதுவே துடைத்து எடுத்துவிடும். கரிக்குக் கிடைக்கிற மிக நல்ல வேலை இது என்பது என் கட்சி. வருஷம் முழுக்கத் தொட்டியில் கிடக்க அதற்கு அவசியமில்லை, வேலை இருக்கும்போது கூப்பிட்டால் போதும்.

கே: பாக்கெட்டில் தர விவரம் எதுவும் போடவில்லை. வாங்கிய கரி தரமானதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?
(வாசகர், தச்சநல்லூர்)

ப: முந்தைய கேள்வியிலேயே வழி இருக்கிறது. இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு மெத்திலீன் ப்ளூ விடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு ஸ்பூன் கழுவிய கரி போட்டு அவ்வப்போது கலக்கிவிடுங்கள். சில மணி நேரத்தில் நீலம் வெளுத்தால் கரியில் இடம் இருக்கிறது. அசையாமல் நின்றால் நீங்கள் வாங்கியது கறுப்புக் கல். கரி ஆலைகளிலும் இதே நீலச் சாயத்தை வைத்துத் தரம் பார்ப்பதுண்டு. அயோடினை வைத்தும் பார்ப்பார்கள். கிராமுக்கு 900 மில்லிகிராமுக்கு மேல் அயோடின் பிடித்தால் நல்ல சரக்கு.

கே: ஃபைட்டர் மீனுக்கு வாதாம் இலை நல்லது என்று போடுகிறேன். தண்ணீர் டீ நிறத்துக்கு வருவதே இல்லை.
(மாணவர், பாளையங்கோட்டை)

ப: ஃபில்டரில் கரி இருக்குமே? இலை விடுகிற கறையைக் கரி தின்கிறது. நீங்கள் இலையைப் போடப் போட அதற்கு விருந்து. இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள், தம்பி. ஃபைட்டரைக் கேட்டால் கரியை எடுக்கச் சொல்லும்.

கே: கரியும் வெள்ளைக் கல்லும் கலந்த பாக்கெட் வாங்கினேன். கூடவே, மீனுக்கு நல்லது என்று கல்லுப்பும் போட்டேன். மறுநாள் நாலு மீன் போச்சு.
(வாசகர், சேரன்மகாதேவி)

ப: அந்த வெள்ளைக் கல் ஜியோலைட். கரியால் முடியாத வேலையை, அதாவது அம்மோனியாவைப் பிடிப்பதை, அது செய்யும். ஆனால் உப்பைக் கண்டால் அதற்குப் பழைய உறவு மறந்துபோகும்: சோடியத்தை எடுத்துக்கொண்டு, பிடித்துவைத்த அம்மோனியாவை மொத்தமாகத் தண்ணீரில் விட்டுவிடும். தீர்ந்துபோன ஜியோலைட்டை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் புதுப்பிப்பதே இந்தக் குணத்தை வைத்துத்தான். அதை வாளியில் செய்ய வேண்டும். நீங்கள் தொட்டிக்குள்ளேயே செய்துவிட்டீர்கள். உப்பு போடுவதென்றால் முதலில் வெள்ளைக் கல்லை எடுங்கள். வருத்தம்தான்.

கே: ஆர்.ஓ. மெஷினில் வீணாகப் போகும் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றலாமா?
(இல்லத்தரசி, பெருமாள்புரம்)

ப: இந்த வாரத்தின் நல்ல கேள்வி. ஆர்.ஓ. சவ்வைக் குளோரின் அரித்துவிடும் என்பதால் அதற்கு முன்னாலேயே ஒரு கரிக் குழல் வைத்திருப்பார்கள். கழிவுத் தண்ணீரும் அந்தக் கரியைத் தாண்டித்தான் வருகிறது. ஆகவே குளோரின் பயம் குறைவு. ஆனால் உள்ளே போன உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்து நிற்கும். மாலி, கப்பி தாங்கும். நியான் டெட்ரா தாங்காது. ஆற்றுத் தண்ணீர் வரும் வீடு என்றால் தைரியமாகப் பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள், ஏற்கெனவே உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீர் என்றால் வாசல் தெளிக்க வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்றி மீன் வளர்ப்பதும் சரியில்லை. அதில் தாதுவே இருக்காது, காடித்தன்மை நிலைக்காது.

கே: குழாய்த் தண்ணீர்க் குளோரினைத்தான் கரி எடுக்கிறதே, நேராகப் பிடித்து ஊற்றினால் என்ன?
(வாசகர், டவுன்)

ப: கரி ஃபில்டருக்குள் இருக்கிறது, மீன் தொட்டிக்குள் இருக்கிறது. நீங்கள் ஊற்றும் தண்ணீர் முதலில் யாரைச் சந்திக்கும்? வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள், அல்லது ஆன்டி குளோரின் ரெண்டு சொட்டு. இன்னொன்று: ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கசக்கிப் பிழியாதீர்கள். அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா குடியிருப்பது அதில்தான். அந்தக் கூட்டம் சேர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

கே: மழைக்காலத்தில் தண்ணீர் செந்நிறமாக வருகிறது. கரியா, தேத்தாங்கொட்டையா?
(வாசகர், அம்பாசமுத்திரம்)

ப: மண்ணுக்குத் தேத்தாங்கொட்டை. குடத்தின் உட்புறம் உரசிவிட்டுத் தெளிய வையுங்கள், தெளிந்ததை மேலாக எடுத்து ஊற்றுங்கள். சேற்றுத் தண்ணீர் கரியின் துளை வாயை அடைத்துவிடும்.

கே: தாமிரபரணியிலிருந்தே கேனில் பிடித்துவந்தால்? நம் ஆற்று மீனையே வளர்க்கவும் ஆசை.
(வாசகர், கொக்கிரகுளம்)

ப: பாபநாசத்தில் என்றால் யோசிக்கலாம். கோயில் படித்துறையில் பொரி போட்டால் மொய்க்கிற மீன்களுக்குக் கரியும் கிடையாது, ஃபில்டரும் கிடையாது. ஓடுகிற தண்ணீரே எல்லாம் பார்த்துக்கொள்கிறது. கொக்கிரகுளத்துக்கு வருவதற்குள் ஆறு எத்தனை சாக்கடையைச் சந்தித்துவிடுகிறது! 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றங்கரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாக்கடை என்றால் அம்மோனியா. முதல் பதிலை மறுபடி படியுங்கள்.

மீனைப் பொறுத்தவரை, இந்த ஆற்றின் பெயரையே தாங்கிய கெண்டை ஒன்று உண்டு. 1954-ல் மீனியல் அறிஞர் ஈ.ஜி. சைலஸ் அதற்கு ‘தாம்பிரபர்ணியை’ என்று பெயரிட்டார். 2012-ல் இலங்கை ஆய்வாளர் ரோஹன் பெத்தியகொடவும் உடனிருந்தவர்களும் ஆக்ஸ்போர்டு உயிரியலாளர் ரிச்சர்டு டாக்கின்ஸ் பெயரால் ‘டாக்கின்சியா’ என்று புதுப் பேரினம் அமைத்து அதில் சேர்த்தார்கள். ஆக, முதல் பெயர் ஆக்ஸ்போர்டு, இரண்டாம் பெயர் நெல்லை! ஆண் மீனின் முதுகுத் துடுப்பு இழை இழையாக நீண்டு தொங்கும், அழகு. அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று பட்டியலில் இருக்கிறது. ஆகையால் வலையைக் கீழே வையுங்கள். கரையில் நின்று பார்க்கக் காசு கிடையாது.

கே: மின்சாரம் போனால் கரி எவ்வளவு நேரம் தாங்கும்?
(வாசகர், ஆத்தூர்)

ப: அந்த நிமிஷமே வேலை நிறுத்தம். தண்ணீர் ஓடினால்தான் கரி. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த உங்கள் ஊரில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைப்பது வீண்செலவல்ல. கரண்ட் வரும்வரை தீனி போடாதீர்கள். பல மணி நேரம் நின்ற மூடிய ஃபில்டரைக் கழுவாமல் ஓடவிட்டால், உள்ளே செத்து நாறிய தண்ணீர் முழுக்கத் தொட்டிக்கு வரும்.

கே: பழைய கரியை வெயிலில் காயவைத்து மறுபடி போடுகிறேன். சரிதானே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், விக்கிரமசிங்கபுரம்)

ப: அழுக்கைக் காயவைத்துத் திரும்பப் போடுகிறீர்கள், ஐயா. ஒட்டியதைக் கழற்ற மறுபடி சூளைச் சூடு வேண்டும். கொதிக்க வைத்தாலும் ஆகாது. மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சந்தேகமிருந்தால் தொட்டிக்குப் பின்னால் வெள்ளைத் தாள் பிடித்து, நீளவாக்கில் பாருங்கள். மஞ்சள் தட்டினால் கரி ஓய்வுபெற்றுவிட்டது.

கே: அந்தப் பழைய கரியை என்ன செய்ய?
(வாசகி, கல்லிடைக்குறிச்சி)

ப: மருந்தைக் குடித்த கரி என்றால் குப்பைக்கு. மற்றது ரோஜாத் தொட்டி மண்ணுக்கு. அப்பளத்துக்குப் பேர்போன ஊர் என்பதால் சொல்கிறேன்: அப்பளம் சுட எடுத்துவிடாதீர்கள்.