கல்மரத்துக்குக் கூட்டம் வருமா?

கேள்வி: எங்கள் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரத்தைப் பெரிய சுற்றுலாத்தலமாக்க முடியாதா? ஓர் இடம் அதற்குத் தோதுப்படுமா என்று எதை வைத்துச் சொல்வது?
– ஒரு வாசகர், ஆலத்தூர்

பதில்: முதலில் கழிப்பறையை வைத்து. அடுத்து, ஊர் திரும்பும் கடைசி பஸ்ஸை வைத்து. பெருமையெல்லாம் அப்புறம்தான்.

பெருமைக்கு ஒன்றும் குறைவில்லை. 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்ன மரம். நீளம் 18 மீட்டர், வயது சுமார் 12 கோடி ஆண்டு. கரையில் நின்ற மரத்தை அன்றைய கடல் விழுங்கிக் கல்லாக்கிவிட்டது. ஆனால் நம் ஆள், படுத்துக் கிடக்கும் அந்தக் கல்லை மூன்று நிமிடம் பார்ப்பார், செல்ஃபி எடுப்பார், "சரி, அடுத்து?" என்பார். அந்த 'அடுத்து'க்கு விடை இருந்தால் இடம் தேறும்.

விடை இருக்கிறது. அதே கடல் அரியலூர்ப் பக்கம் விட்டுப்போன சிப்பி, நத்தைகளை வாரணவாசி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்; மிச்சம் சிமென்ட் ஆலைக்கு லாரியில் போகிறது. அப்படியே யுனெஸ்கோ 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட கங்கைகொண்ட சோழபுரம் கோயில். மூன்றையும் கோத்தால் ஒரு முழு நாள். தனியாக விட்டால் கல்மரம் வெயில் காய வேண்டியதுதான்.

பறவைகள் வந்து தங்கும் கரைவெட்டி ஏரியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2024-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறிய இடம். படகும் ஸ்பீக்கர் செட்டும் வந்தால் தீர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் சுற்றுலாப் பயணிதான், அதுவும் நமக்கு முன்பே ரூம் போட்டது.