பூ உதிர்ந்ததும் கிளம்பிவிடுவேன்

ஜப்பானுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் போகும் வெளிநாட்டு வாத்தியாரிடம் அந்த ஊர்க்காரர்கள் தவறாமல் இரண்டு கேள்வி கேட்பார்கள். முதல் கேள்வி: "உங்க ஊர்லயும் நாலு பருவம் உண்டா?" இரண்டாவது: "எப்போ ஊருக்குத் திரும்பறீங்க?"

கனடாவில் பனிக்குள்ளேயே பிறந்து வளர்ந்த நம் வாத்தியார் முதல் கேள்விக்கு "உண்டே" என்பார். கேட்டவர் "அப்படியா!" என்று வாயைப் பிளப்பார். வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் நான்கையும் ஜப்பான் மட்டும்தான் பட்டா போட்டு வைத்திருக்கிறது என்று அங்கே ஒரு எண்ணம் உண்டு. இரண்டாவது கேள்விக்கு அவரிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. "இந்த வருஷம் பூ உதிர்ந்ததும் கிளம்பிடுவேன்."

இதைச் சொல்ல ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது.

அவர் பெயர் என்னவாக இருந்தாலும் ஊருக்கு அவர் 'சென்செய்'. வாத்தியார், டாக்டர், வக்கீல் எல்லாருக்கும் அங்கே அதே பட்டம்தான். கல்லூரி முடித்த கையோடு, 1987-இல் தொடங்கிய 'ஜெட்' என்ற அரசுத் திட்டத்தில் உதவி ஆசிரியராக ஒசாகா பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் வந்து இறங்கினார். அந்தத் திட்டத்தில் அதிகம் போனால் ஐந்து வருஷம் இருக்கலாம். ஐந்தும் தீர்ந்தபோது கிளம்ப மனசு வரவில்லை. ஊர்க் கல்வி வாரியத்தில் நேரடியாக ஒரு வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். ஒப்பந்தம் மார்ச்சில் முடியும், ஏப்ரலில் புதுப்பிக்கப்படும். வகுப்பில் என்ன வேலை? ஜப்பானிய ஆசிரியர் கையை நீட்டியதும் பாடப்புத்தக வாக்கியத்தை உரக்கப் படிக்க வேண்டும். கையை மடக்கியதும் நிறுத்த வேண்டும். டேப்ரிக்கார்டருக்கு இருக்கும் பொறுப்புதான். பாக்கி நேரத்தில் அவர் பார்ப்பது பஞ்சாங்கம்.

அவருடைய பஞ்சாங்கம் ஒசாகாக் கோட்டையில் தொடங்குகிறது. அங்கே மேற்குத் தோட்டத்தில் வானிலைத் துறை குறித்து வைத்த ஒரு செர்ரி மரம் இருக்கிறது. அதில் ஐந்தாறு பூ விரிந்தால் போதும், ஒசாகாவில் பூக்காலம் பிறந்துவிட்டது என்று அரசாங்கமே அறிவிக்கும். அறிவிப்பு வந்த அரை மணியில் சென்செயின் விடுப்பு விண்ணப்பம் துணைத் தலைமையாசிரியர் மேஜைக்கு வந்துவிடும்.

மரத்தடியில் நீலத் தார்ப்பாய் விரித்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உட்கார்ந்து தின்று குடிப்பதுதான் 'ஹனாமி'. அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்த பையன்களைக் காலையிலேயே இடம் பிடிக்க அனுப்புவார்கள். கோட்டும் டையுமாக ஒரு பிள்ளை தார்ப்பாய் நடுவில் தன்னந்தனியாகக் காவல் இருப்பான். சென்செய்க்கு அனுப்ப ஆள் இல்லை. தானே இடம் பிடித்து, தானே காவல் இருந்து, தானே விருந்தாளியாகவும் வந்து சேர்வார். பூவை விடக் கொழுக்கட்டை மேல் என்று பொருள்படும் ஒரு பழமொழி அங்கே உண்டு. இளஞ்சிவப்பு, வெள்ளை, பச்சை என்று குச்சியில் மூன்று உருண்டையாகக் கோத்து விற்கும் அந்தக் கொழுக்கட்டையில் நாலு குச்சியைக் காலி செய்துவிட்டு, "ஆஹா, நிலையாமை!" என்று கிளையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

ஒரே வாரத்தில் பூ கொட்டிவிடும். சொன்னபடி கிளம்ப வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். ஒசாகா நாணயச்சாலை வளாகத்தில் அடுக்குச் செர்ரி மரங்கள் இருக்கின்றன. அவை கொஞ்சம் பிந்தித்தான் பூக்கும். 1883 முதல் ஏப்ரலில் ஒரு வாரம் பொதுமக்களுக்குக் கதவு திறக்கிறார்கள். "அதையும் பார்த்துட்டு…" என்பார். அது உதிர்வதற்குள் ஏப்ரல் கடைசியின் 'தங்க வார' விடுமுறை வந்து நிற்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு மூன்று வாரம் ஆகியிருக்கும்.

ஊர் சுற்ற அவர் கண்டுபிடித்திருக்கும் அமுதசுரபி 'செய்ஷுன் 18' என்ற ரயில் சீட்டு. பள்ளி விடுமுறைக் காலங்களில் மட்டும், 1982 முதல் விற்கிறார்கள். பெயரில்தான் இளமையும் பதினெட்டும். எண்பது வயதுக்காரரும் வாங்கலாம். ஐந்து நாளுக்கு 12,050 யென், சாதாரண ரயிலில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். ஒசாகாவிலிருந்து டோக்கியோவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். ஒரு வழிக்கே சுமார் 14,000 யென் ஆகுமே என்று சென்செய் சாதாரண ரயிலில் ஒன்பது மணி நேரம் போவார், ஐந்தாறு இடத்தில் மாறி மாறி. மாய்பாரா என்ற நிலையத்தில் வண்டி நிற்பதற்கு முன்பே பெட்டி முழுக்க எழுந்து கதவருகே நிற்கும். கதவு திறந்ததும், அதுவரை ஒருவர் மேல் ஒருவர் மூச்சுக்கூடப் படாமல் உட்கார்ந்திருந்த அந்த மரியாதைக்கார ஜனம், அடுத்த வண்டியில் இடம் பிடிக்கப் படிக்கட்டில் தடதடவென்று ஓடும். அந்த ஓட்டத்தில் சென்செய் முதல் மூவரில் ஒருவர். ஜப்பானிய மொழித் தேர்வில்கூட அவர் அந்த இடத்தைத் தொட்டதில்லை.

2024 குளிர்காலம் முதல் அந்தச் சீட்டைத் தொடர்ச்சியான நாட்களில்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதியை மாற்றிவிட்டார்கள். முன்பு இஷ்டப்பட்ட ஐந்து நாளைப் பிரித்துப் பிரித்துக்கொள்ளலாம். சென்செய்க்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஊர் சுற்றுவது பெரிய காரியமில்லை. சுற்றிவிட்டு ஆசிரியர் அறைக்குள் நுழைவதுதான் பெரிய காரியம். விடுப்பில் எங்கே போனாலும் அந்த ஊர்த் தின்பண்டம் ஒரு பெட்டி வாங்கி வந்து எல்லார் மேஜையிலும் ஒவ்வொன்று வைக்க வேண்டும். அதற்குப் பெயர் 'ஓமியாகே'. கியோட்டோ என்றால் யாட்சுஹாஷி, மியாஜிமா என்றால் மேப்பிள் இலை வடிவ மஞ்சு, ஹொக்கைடோ என்றால் ஷிரோய் கோய்பிதோ பிஸ்கோத்து. "நான் இல்லாத நேரத்தில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தீர்களே" என்ற மன்னிப்பை மாவும் சர்க்கரையுமாகச் சொல்லும் ஏற்பாடு இது. இல்லாத நேரத்தில் டேப்ரிக்கார்டரின் வேலையை யார் பார்த்தார்கள் என்று கேட்கக் கூடாது.

ஆசிரியர் அறையில் இருபத்தேழு பேர். பெட்டியில் இருப்பதோ இருபத்து நான்கு. ரயில் நிலையக் கடையில் நின்று சென்செய் விரல் விட்டு எண்ணுவதைப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் பிரசவ விடுப்பில். தலைமையாசிரியருக்குச் சர்க்கரை வியாதி, ஆனால் வைக்காவிட்டால் கோபம் வரும். காவலாளியை எண்ணிக்கையில் சேர்ப்பதா, விடுவதா? கடைசியில் இரண்டு பெட்டியாக வாங்குவார். மிஞ்சுவது அன்றைக்கு இரவுச் சாப்பாடு. 2019 முதல் 2022 வரை மியாஜிமாவின் கடல் தோரண வாயிலைச் சாரம் கட்டிப் பழுது பார்த்தார்கள். அந்தக் காலத்தில் மூன்று தடவை போய் மூன்று தடவையும் சாரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். மஞ்சு மட்டும் மூன்று தடவையும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. அறைக்கு அதுதான் முக்கியம்.

ஜூலை வந்தால் கியோட்டோவில் கியோன் திருவிழா. 16-ஆம் தேதி இரவு, விளக்கு வரிசை ஏற்றிய தேர்களுக்கு நடுவே எல்லாரும் 'யுகாதா' என்ற பருத்தி அங்கி போட்டு உலாவுவார்கள். முதல் வருஷம் சென்செயும் ஒன்று வாங்கிச் சுற்றிக்கொண்டு போனார். எல்லாரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்து, பொருத்தமாக இருக்கிறது போலும் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். கடைசியில் ஒரு பாட்டி அவரை ஓரமாக இழுத்து, இடுப்புக் கச்சையை அவிழ்த்து, அங்கியின் மடிப்பை மாற்றிக் கட்டிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. இடப்பக்க மடிப்பு வெளியே வர வேண்டும். சென்செய் வலப்பக்கத்தை வெளியே விட்டிருந்தார். அப்படிக் கட்டுவது பிணத்துக்கு.

மறுநாள் தேரோட்டம். பெரிய தேர் ஒன்று பன்னிரண்டு டன் வரை இருக்கும். சக்கரம் நேரே உருளும், திரும்பாது. முனையில் பிளந்த மூங்கிலைச் சக்கரத்தடியில் பரப்பி, தண்ணீர் தெளித்து, வடத்தைப் பக்கவாட்டில் இழுத்து வழுக்கித் திருப்புவார்கள். முட்டுக்கட்டை போட்டுத் தேர் திருப்புவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆரவாரம் பழக்கமானதுதான். சென்செய் உச்சி வெயிலில் மூன்று மணி நேரம் நின்று, முன்னால் நின்றவரின் குடையை நூற்று இருபது படம் எடுத்தார்.

ஆகஸ்ட் நடுவில் 'ஓபோன்'. முன்னோர்களின் ஆவிகள் வீட்டுக்கு வந்து தங்கிப் போகும் நாட்கள். 16-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குக் கியோட்டோவைச் சுற்றிய ஐந்து மலைகளில் அடுத்தடுத்துத் தீ மூட்டி ஆவிகளை வழியனுப்புவார்கள். நாள் சொன்னால் நாள் தவறாமல் எல்லா ஆவியும் கிளம்பிவிடும். ஒரு மாதத்துக்கு முன் பிணக்கோலத்தில் நின்ற நம் சென்செய் மட்டும், "இலை சிவக்கறதை ஒரு தரம் பார்த்துட்டு…" என்று கமோ ஆற்றங்கரையில் நின்றிருப்பார்.

நவம்பரில் இலை சிவக்கும். கியோட்டோவில் பேருந்துக்கு நிற்கும் வரிசையே பாதி நாளைத் தின்னும். ஒசாகாவுக்கு வடக்கே மினோ அருவிப் பக்கம் மேப்பிள் இலையை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்து விற்கிறார்கள். கண்ணால் பார்த்தது போதாதென்று அதை வாயாலும் பார்த்துவிட்டு வருவார்.

டிசம்பரில்தான் அவருக்கு வீட்டு ஞாபகம் வரும். ஜப்பானில் கிறிஸ்துமஸ் விடுமுறை இல்லை. 1974-இல் தொடங்கிய ஒரு விளம்பரத்தின் புண்ணியத்தில், அன்றைக்கு கே.எஃப்.சி. கோழி வாங்க முன்கூட்டியே சொல்லி வைத்து வரிசையில் நிற்கிறார்கள். கூடவே ஸ்ட்ராபெரி வைத்த கிரீம் கேக். "உங்க ஊர்லயும் இந்தக் கோழிதானே?" என்று பக்கத்து மேஜை ஆசிரியை கேட்பார். இல்லை என்றால் அவர் முகம் வாடிவிடும் என்று "கிட்டத்தட்ட" என்பார்.

அந்த வாரம் பக்கத்து மழலையர் பள்ளியில் அவர்தான் சான்டா. உயரம் இருக்கிறது, மூக்கு இருக்கிறது, வேறென்ன வேண்டும்? பிள்ளைகள் காலைக் கட்டிக்கொள்ளும். பிப்ரவரியில் அதே பள்ளியிலிருந்து மறுபடி அழைப்பு வரும். 'செட்சுபுன்' நாளில் வறுத்த சோயா மொச்சையை வீசி 'ஓனி' என்ற அரக்கனை விரட்ட வேண்டும். அரக்கன் யார்? உயரம் இருக்கிறது, மூக்கு இருக்கிறது.

சிவப்பு முகமூடியும் புலித்தோல் அரைக்கால் சட்டையுமாக உறுமிக்கொண்டு நுழைந்தார். "ஓனி வா சோதோ!" அரக்கனே வெளியே போ என்று முப்பது குழந்தைகள் ஒரே குரலில் கத்தி, குறி தவறாமல் மொச்சையால் அடித்தார்கள். 'வெளியே' என்பதற்கு எழுதும் அதே எழுத்துதான் 'கைஜின்', அதாவது வெளியாள், என்ற சொல்லின் முதலெழுத்தும். வெளியே ஓடி, கொல்லைப்புறமாகச் சுற்றி வந்து, சமையலறையில் தேநீருக்கு உட்கார்ந்தார். அங்கே ஒரு ஐந்து வயதுப் பெண் வந்து அவர் காலையே பார்த்தது. விருந்தாளிகளுக்கு வைத்த பச்சைச் செருப்பு. அதில் அவர் பாதத்தில் பாதிதான் அடங்கும், குதிகால் தரையில் தேயும்.

"சான்டாவும் இதே செருப்புதான் போட்டிருந்தாரு" என்றது குழந்தை. பிறகு கையில் மிச்சமிருந்த மொச்சையில் இரண்டை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது.

அந்த மார்ச்சில் ஊருக்குக் கிளம்பியிருக்கலாம்தான். ஆனால் புத்தாண்டுக்குச் சுமியோஷிக் கோயிலுக்குப் போனபோது ஒரு காரியம் நடந்திருந்தது. முதல் மூன்று நாளில் இருபது லட்சம் பேருக்கு மேல் வரும் கோயில் அது. நெருக்கித் தள்ளிக் குறிச்சீட்டு எடுத்தார். பயணம், வியாபாரம், கல்யாணம் என்று வரிசையாகப் பலன் போட்டிருக்கும். "பயணம்: நன்று. வீடு மாற்றம்: அவசரம் வேண்டாம்" என்று இருந்தது. தெய்வமே சொன்ன பிறகு மனிதன் என்ன செய்ய முடியும்? கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இந்த ஏப்ரலில் அயர்லாந்திலிருந்து ஒரு பையன் புதிதாக வந்திருக்கிறான். சென்செய் அவனைக் காலையிலேயே தார்ப்பாயோடு அனுப்பி இடம் பிடிக்க வைத்தார். சாயங்காலம் போய் எதிரே உட்கார்ந்து, அவன் கோப்பையை நிரப்பி, தலைக்கு மேல் பூத்திருந்த கிளையை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்க ஊர்லயும் நாலு பருவம் உண்டா?"

வாசகர்களில் யாராவது ஒசாகாப் பக்கம் போனால், சாதாரண ரயிலில் மடியில் இரண்டு தின்பண்டப் பெட்டி வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணும் ஒரு வெளிநாட்டுக்காரரைப் பார்க்கலாம். தாராளமாகப் பேச்சுக் கொடுங்கள். வழி சொல்வார், எந்தப் பூ எங்கே என்று சொல்வார். எப்போது ஊருக்குத் திரும்புகிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மாய்பாரா வரப்போகிறது, அவர் ஓட வேண்டும்.