பிணை நிற்க ஓராள்

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்தில் "நிரந்தர வதிவாளர்" என்றால் கனடாக்காரர் இல்லை, வவுனியாக்காரர். ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை நேரம் கிளிநொச்சியிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தவருக்கு ஒருநாள் பாஸ், ஒருகிழமைப் பாஸ், ஒருமாதப் பாஸ் என்று வகைவகையாகத் தந்தார்கள். நகரத்து வதிவாளர் ஒருவர் எங்களுக்குப் பொறுப்பு நிற்க வேண்டும். சொந்த நாட்டில், சொந்த மாகாணத்தில், தாண்டிக்குளம் இராணுவச் சோதனைச்சாவடிக்குத் தெற்கே படுத்தெழும்ப விசா! இதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை என்று சிதம்பரபுரம் முகாம்வாசி ஒருவரின் வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்ல 2002 ஆகிவிட்டது.

அதற்கு முதலே இன்னொரு பாஸ் எடுக்க வேண்டும், வன்னியை விட்டு வெளிக்கிட புலிகள் இயக்கம் தரும் பாஸ். அதற்கும் ஓராள் பிணை. போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவர் பாடு திண்டாட்டம். இரண்டு தரப்பும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான்: வயது. இருபதுகளில் உள்ளவனை இவர்கள் போக விடமாட்டார்கள், அவர்கள் உள்ளே எடுக்கமாட்டார்கள். எழுபது தாண்டிய பெரியப்பா மட்டும் மூல வருத்தத்துக்கு மருந்தெடுக்க என்று சொல்லிப் போய்வந்தார்.

2018இல் தங்கச்சியின் மகன் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு விண்ணப்பித்தான். புள்ளிக்கணக்கு மொத்தம் 1200. தனியாளுக்கு 20 முதல் 29 வயதுவரை வயதுக்கென்றே முழுசாக 110 புள்ளி. முப்பதிலிருந்து தேய்ந்து தேய்ந்து 45இல் பூச்சியம். தாண்டிக்குளத்தில் எந்த வயதைக் கண்டு முறைத்தார்களோ, ஒட்டாவாவில் அதே வயதுக்குத்தான் மாலை மரியாதை. பெரியப்பாவுக்கு அங்கே ஒரு புள்ளியும் விழாது.

பட்டச் சான்றிதழ் மதிப்பீடு, ஐஇஎல்டிஎஸ் எல்லாவற்றையும் பொடியன் கொழும்பில் இருந்தபடியே முடித்தான். முட்டுப்பட்டது வேறிடத்தில். கடந்த பத்து வருட முகவரிகளை மாதம் தவறாமல், இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும். 2018இலிருந்து பத்து வருடம் பின்னால் போனால் எங்கே போய் நிற்கும் என்று வன்னிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. இரவு ரெலிபோன் எடுத்தான்.

"மாமா, விசுவமடுவில எந்த மாசம் இருந்தனாங்கள்?"

"தை. பிறகு தேவிபுரம். அங்க ரெண்டு கிழமையும் இல்லை."

"மாத்தளன்?"

"மாசி, பங்குனி எண்டு போடு."

"வீட்டு இலக்கம், தெருப் பெயர் கேக்குது."

"பங்கருக்கு ஏதடா தெரு?"

கடைசியில் ஊர்ப்பெயரை மட்டும் எழுதி, விளக்கக் கடிதம் ஒன்றும் இணைத்தான். அந்தப் பட்டியலிலேயே ஒழுங்கான முகவரி மெனிக் பாம் முகாமுக்குத்தான். வலயம், கொட்டில் இலக்கம், எல்லாம் உண்டு. வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று பெரிய மனிதர் பெயர் வேறு. அதில் குமாரசுவாமி 1917இல் பொஸ்ரன் அருங்காட்சியகத்துக்கு வேலைக்குப் போய், 1947இல் சாகும்வரை அமெரிக்காவிலேயே இருந்துவிட்டவர். அதிதிறன் குடியேற்றத்தில் எங்கள் ஆட்களுக்கெல்லாம் மூத்தவர். அவர் பெயர் வைத்த முள்ளுக்கம்பிக்குள் இருந்தவர்களுக்குத்தான் வவுனியா ரவுண்கூடப் போக அனுமதியில்லை.

இப்போது யாரும் யாரையும் மறிப்பதில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. படித்து முடிக்க முதலே பிள்ளைகள் புள்ளி கூட்டிப் பார்க்கிறார்கள். ஜெர்மனியின் நீல அட்டையென்றால், பி1 அளவுக்கு ஜெர்மன் தெரிந்தவருக்கு 21 மாதத்தில் நிரந்தரம். ஜப்பானில் 80 புள்ளி எடுத்தவர் ஒரு வருடத்தில் விண்ணப்பிக்கலாம். இதெல்லாம் தேத்தண்ணிக் கடைக் கதையிலேயே காதில் விழுகிறது. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. இங்கே இருந்தால் இன்னது தருகிறோம் என்று புள்ளி போட்டுக் கூப்பிட யாராவது இருந்தால் அல்லவா சொல்லலாம்!

மருமகன் இப்போது ஸ்காபரோவில். தாயைக் கூப்பிட நினைக்கிறான். பெற்றோருக்கு நிரந்தரம் லேசில் கிடைக்காது. சூப்பர் விசா இருக்கிறது, ஒருமுறை போனால் ஐந்து வருடம்வரை நிற்கலாம். செலவுக்கு நான் பொறுப்பு என்று மகன் கடிதம் கொடுக்க வேண்டும். நான் வாசித்துச் சொல்ல, தங்கச்சி மாட்டுக்குத் தண்ணி வைத்துக்கொண்டே கேட்டாள்:

"அப்ப நான் அங்கயே நிண்டிட்டால், அவனைப் பிடிப்பினமோ அண்ணை?"