கப்பலேறும் கேள்விகள்

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: வெளிநாட்டில் எம்.எஸ்., பிஎச்.டி., அதற்கான காசு. அதனால் சினிமாவுக்கும் அரசியலுக்கும் ஒரு வாரம் விடுமுறை.

கேள்வி: இன்ஜினீயரிங் மேற்படிப்புக்கு எந்த நாடு சிறந்தது?
– மூன்றாமாண்டு இ.சி.இ. மாணவி, நாமக்கல்

பதில்: உங்கள் செலவை எந்த நாடு ஏற்கிறதோ, அந்த நாடு.

கேள்வி: அமெரிக்கப் பேராசிரியர்கள் 140 பேருக்கு மெயில் அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. அவ்வளவு கர்வமா அவர்களுக்கு?
– இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, நீங்கள் இணைத்திருந்த மெயிலை இரண்டு தடவை படித்தேன். 'டியர் புரொஃபசர்' ஒரு எழுத்துருவில் இருக்கிறது. பக்கத்தில் அவர் பெயர் வேறு எழுத்துருவில், ஒரு சுற்றுப் பெரிதாக, லேசான நீலத்தில் இருக்கிறது. எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது என்று அவருக்கு மூக்குக்கண்ணாடி இல்லாமலே தெரிந்துவிடும். அடுத்த வரி, 'உங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது'. எந்த ஆராய்ச்சி? மெயில் முடியும்வரை அதைச் சொல்லவில்லை. மாப்பிள்ளை பெயர் தெரியாமல் பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரி ஆகிவிட்டது!

இப்போது இன்னொரு கடிதத்தைப் பாருங்கள். தேதி 1913 ஜனவரி 16. எழுதியவர் சென்னைத் துறைமுகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா. கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வு தேறவில்லை, டிகிரி கிடையாது. ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு என்று அவரே அதில் எழுதியிருக்கிறார். அதற்கு முன் கேம்பிரிட்ஜில் இரண்டு பேருக்கு எழுதிப் பார்த்தார், காரியம் ஆகவில்லை. மூன்றாவதாக அங்கிருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். ஹார்டியின் 'ஆர்டர்ஸ் ஆஃப் இன்ஃபினிட்டி' நூலைப் படித்திருந்தார். அதில் 36ஆம் பக்கத்தில், பகா எண்களைப் பற்றிய ஒரு கேள்விக்கு இன்னும் சரியான கோவை கிடைக்கவில்லை என்று ஹார்டி சொல்லியிருந்தார். நம் குமாஸ்தா அந்தப் பக்கத்தைச் சுட்டிக்காட்டி, 'என்னிடம் ஒன்று இருக்கிறது' என்று ஆரம்பித்தார். கூடவே பக்கம் பக்கமாகத் தேற்றங்கள்.

பகா எண்களைப் பற்றி அவர் சொன்னதில் பிழை இருந்தது பிற்பாடு தெரிந்தது. அதனால் என்ன? எழுதியவர் வேலை செய்கிற ஆள் என்பது ஹார்டிக்குக் கடிதம் படித்த அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுக்க, அந்தக் குமாஸ்தா ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார்.

ஆகவே 140 பேரை விடுங்கள். எட்டுப் பேர் போதும். ஒவ்வொருவரின் சமீபத்திய கட்டுரை ஒன்றையாவது முழுசாகப் படியுங்கள். அதில் உங்களுக்குப் புரியாத ஓரிடம், அதையொட்டி நீங்கள் செய்துபார்த்த ஒரு காரியம், அவருக்கு ஒரு கேள்வி, அவ்வளவுதான் மெயில். 150 சொல்லைத் தாண்ட வேண்டாம். இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு தடவை நினைவூட்டுங்கள். உங்கள் 36ஆம் பக்கம் எது என்று தெரியும்வரை 'செண்ட்' பொத்தான் பக்கம் விரல் போகக் கூடாது.

கேள்வி: ஜி.ஆர்.இ. தேர்வு எவ்வளவு நேரம்?
– வாசகர், கரூர்

பதில்: 2023 செப்டம்பரிலிருந்து 1 மணி 58 நிமிடம். ஒரு தமிழ்ப்படத்தின் கிளைமாக்ஸுக்குள் எழுந்து வந்துவிடலாம்.

கேள்வி: என் மகன் கல்லூரியில் 8.0 சி.ஜி.பி.ஏ. ஜெர்மனிக்கு விண்ணப்பிக்கப் போனால் அதை 2.2 என்று மாற்றிக் காட்டுகிறது. மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.
– தந்தை, ஈரோடு

பதில்: ஐயா, முதலில் சாப்பிடுங்கள். ஜெர்மனியில் மதிப்பெண் தலைகீழ். 1 தான் உச்சம், 4 கடைசித் தேர்ச்சி. அதாவது 2.2 நல்ல மார்க்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நீங்களே போட்டுப் பார்க்கலாம். உச்ச மதிப்பெண்ணிலிருந்து மகன் வாங்கியதைக் கழியுங்கள்: 10 – 8 = 2. உச்சத்திலிருந்து தேர்ச்சி மதிப்பெண்ணைக் கழியுங்கள்: 10 – 5 = 5. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். 2.2 வருகிறதா? இதற்கு பவேரியன் ஃபார்முலா என்று பெயர். பல படிப்புகள் 2.5 வரை கேட்கின்றன. அதாவது இந்தக் கணக்கில் 7.5 வாங்கியவருக்கும் கதவு திறந்திருக்கிறது. தேர்ச்சி மதிப்பெண் எது என்பதை மார்க்ஷீட்டின் பின்பக்கம் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அது மாறினால் விடையும் மாறும்.

இன்னும் மூன்று விஷயம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலத்திலிருந்து நம்மவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. இரண்டாவது, இந்திய மாணவர்களுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம்; அதற்கு நாள் பிடிக்கும், முதல் வேலையாக அதைச் செய்யச் சொல்லுங்கள். மூன்றாவது, விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்ட் என்ற வங்கிக் கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும். பயப்படாதீர்கள், அது உங்கள் பணம்தான். மாதம் 992 யூரோவாக மகன் கைக்கே திரும்பி வரும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்குத் தினம் காசு எண்ணிக் கொடுக்கும் பாட்டியின் வேலையை அங்கே வங்கி பார்க்கிறது.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு கன்சல்டன்சி 'நூறு சதவீத விசா, நூறு சதவீத ஸ்காலர்ஷிப்' என்று பேனர் கட்டியிருக்கிறது. நம்பலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பேனர் துணியை மட்டும் நம்பலாம். மாடியில் வடாம் காயவைக்க உதவும்.

கேள்வி: விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கையை (எஸ்.ஓ.பி.) இப்படித் தொடங்கியிருக்கிறேன்: 'சிறு வயதில் பொம்மைக் காரைப் பிரித்துப் பார்த்தபோதே எனக்குள் இருந்த இன்ஜினீயர் விழித்துக்கொண்டான்.' எப்படி?
– மெக்கானிக்கல் பட்டதாரி, கோயம்புத்தூர்

பதில்: அந்த இன்ஜினீயரைத் தூங்க விடுங்கள். உலகத்தில் பொம்மைக் காரைப் பிரிக்காத குழந்தையே கிடையாது. அதைத் திரும்பப் பூட்டிய குழந்தையைத்தான் நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், ஏதோ மன்னிப்புக் கேட்பது மாதிரி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'ஒன்றரை வருஷமாக ஒரு ஃபவுண்டரியில் பம்ப் வார்ப்படம் பார்க்கிறேன், அது பெரிய வேலை இல்லை.' பெரிய வேலை இல்லையா! அந்த வார்ப்படத்தில் புளோ ஹோல் விழுந்திருக்குமே? நூற்றுக்கு எத்தனை கழிந்தது? மணலில் ஈரம் கூடியதா, காற்று போக வழி போதவில்லையா, உலோகத்தின் சூடு குறைந்ததா? எதை மாற்றினீர்கள்? மாற்றிய பிறகு எத்தனை கழிந்தது? இன்னும் விடை தெரியாத கேள்வி எது? இதை ஒரு பக்கம் எழுதினால் அதுதான் எஸ்.ஓ.பி. கடைசிப் பத்தியில், 'இந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் உங்கள் ஆய்வகத்துக்கு வருகிறேன்' என்று முடியுங்கள். நகக்கண்ணில் மோல்டிங் மணல் இருக்கிற ஆள் பொம்மைக் காரைத் தேடிப் போகலாமா?

கேள்வி: சிபாரிசுக் கடிதம் பிரின்சிபாலிடம் வாங்கினால் மதிப்பு அதிகம்தானே?
– இறுதியாண்டு மாணவி, விருதுநகர்

பதில்: உங்கள் புராஜெக்டை ராத்திரி ஏழு மணிவரை கூட இருந்து பார்த்த உதவிப் பேராசிரியரிடம் வாங்குங்கள். பிரின்சிபாலுக்கு உங்கள் ஹால் டிக்கெட் நம்பர்தான் தெரியும்.

கேள்வி: எம்.எஸ்.ஸுக்கு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா, கிடைக்காதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– ட்ரிபிள் இ மாணவர், சேலம்

பதில்: குழப்பமே அந்தச் சொல்லில்தான். ஸ்காலர்ஷிப் என்றதும் நாம் பரிசு என்று நினைக்கிறோம். இன்ஜினீயரிங்கில் கிடைப்பது பெரும்பாலும் சம்பளம். அமெரிக்கப் பேராசிரியர் அரசிடமோ கம்பெனியிடமோ ஆராய்ச்சிக்குப் பணம் வாங்குகிறார். அந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஆர்.ஏ. இளநிலை மாணவர்களுக்கு லேப் எடுக்கவும் பேப்பர் திருத்தவும் ஆள் வேண்டும். அவர் டி.ஏ. இருவருக்கும் பொதுவாகக் கட்டணம் தள்ளுபடி, மாதப்படி உண்டு.

ஐந்து வருஷம் இருக்கப்போகிற பிஎச்.டி. மாணவருக்கு இதைத் தருவார்கள். ஒன்றரை வருஷத்தில் மூட்டை கட்டுகிற எம்.எஸ். மாணவருக்குத் தருவது குறைவு. தீசிஸ் எழுதுகிறவருக்குக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. கனடாவில் பெயரிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள்: எம்.ஏ.எஸ்சி. என்றால் ஆராய்ச்சி, பொதுவாகக் காசு வரும், எம்.எங். என்றால் வகுப்பு, காசு போகும். எழுத்து மாறினால் தலையெழுத்தே மாறுகிறது!

முழுச் செலவையும் ஏற்கிற திட்டங்களும் உண்டு. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸில் கட்டணம் போக மாதம் 1,400 யூரோ. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் கட்டணம், படி, விமானச் செலவு மூன்றையும் தருகிறது. குறிப்பிட்ட சில துறைகளுக்கு மட்டுமான ஃபுல்பிரைட்-நேரு மாஸ்டர்ஸுக்கு மூன்று வருஷ வேலை அனுபவம் வேண்டும், படித்ததும் இரண்டு வருஷம் இந்தியாவில் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் 2025இல் அரசின் ஆராய்ச்சிப் பணத்தில் வெட்டு விழுந்து, சில துறைகள் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்தன. அதனால், 'இந்த ஆண்டு உங்கள் ஆய்வகத்தில் ஆள் எடுக்கப் பணம் இருக்கிறதா?' என்று பேராசிரியரிடம் நேராகக் கேளுங்கள். அது மரியாதைக் குறைவு இல்லை. வேலைக்குப் போகிறவர் சம்பளம் கேட்பது போலத்தான்.

கேள்வி: பிப்ரவரியில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து உதவித்தொகையோடு பிஎச்.டி. இடம் வந்தது. ஒரு வாரத்தில் பதில் கேட்கிறார்கள். இன்னும் மூன்று இடத்து முடிவு வரவில்லை. என்ன செய்ய?
– பட்டதாரி, திருச்சி

பதில்: ஏப்ரல் 15 என்ற தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் கையெழுத்திட்ட ஒரு தீர்மானம் இருக்கிறது. அதன்படி, உதவித்தொகையோடு வந்த அழைப்புக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பணிவாகத் தேதியைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். மற்ற மூன்று இடத்துக்கும், 'எனக்கு ஒரு இடம் கிடைத்திருக்கிறது' என்று எழுதுங்கள். எங்கே போகப்போவதில்லை என்று தெரிந்துவிட்டால், அன்றைக்கே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அந்த இடத்துக்காக வெயிட்டிங் லிஸ்டில் ஒரு பிள்ளை தினம் பத்துத் தடவை மெயில் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: நான் ஆதிதிராவிடர் குடும்பம், எங்கள் தெருவில் முதல் இன்ஜினீயர். அப்பா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். 'வெளிநாட்டுப் படிப்பெல்லாம் நமக்கில்லை' என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?
– சிவில் பட்டதாரி, விழுப்புரம்

பதில்: இல்லை.

1913இல் அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகை, மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்றாண்டுக்கு. 1916இல் லண்டனுக்குப் போனார். அடுத்த ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். பம்பாயில் கல்லூரி ஆசிரியராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். போதாததற்கு உதவி பெற்று, 1920இல் மறுபடி லண்டன் போய், விட்ட இடத்திலிருந்து படித்து டி.எஸ்சி. வாங்கினார். இடையில் மூன்று வருஷம் போனதால் படிப்பு போய்விடவில்லை.

இன்று அவர் பெயரிலேயே தமிழ்நாடு அரசின் 'அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம்' இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு. மத்திய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் தனியாக இருக்கிறது. நிலமற்ற விவசாயத் தொழிலாளர், கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கேட்கலாம். இந்த வாரமே வருமானச் சான்றிதழுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பியுங்கள். பிறகு நான் கோயம்புத்தூர்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். செங்கல் ஏன் வெடிக்கிறது, சூளைப் புகையை எப்படிக் குறைப்பது? சிவில் ஆய்வகங்கள் தலையை உடைத்துக்கொள்கிற கேள்விகள் இவை. இதில் உங்கள் அப்பாவுக்குத் தெரிந்ததில் பாதி, அங்கே வருகிற மற்ற மாணவர்களுக்குத் தெரியாது.

கேள்வி: மகன் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க 40 லட்சம் கடன். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க வேண்டுமாம். அவன் அப்பா இல்லை. கையெழுத்துப் போடவா?
– தாய், தஞ்சாவூர்

பதில்: அம்மா, அவசரப்படாமல் ஒரு கணக்குப் பார்ப்போம். முதல் வருஷம் 20 லட்சம், இரண்டாம் வருஷம் 20 லட்சம், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு இரண்டு வருஷம், பிறகு ஆறு மாத அவகாசம். அதுவரை ஒன்றும் கட்டாவிட்டால் தனிவட்டியே 8 லட்சத்து 80 ஆயிரம் ஏறிவிடும். 48 லட்சத்து 80 ஆயிரத்தைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 67,000 ரூபாய்.

இப்போது மகனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அங்கே வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினால், இங்குள்ள சம்பளத்தில் இந்த 67,000 கட்ட முடியுமா? காசு கொடுக்கிற பிஎச்.டி.க்கும், கட்டணம் இல்லாத நாட்டுக்கும் விண்ணப்பித்துப் பார்த்தாயா? ஒரு வருஷம் வேலை பார்த்துக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு போனால் என்ன? மூன்றுக்கும் காகிதத்தில் எழுதிப் பதில் தரட்டும். நேராகப் பதில் சொன்னால் கையெழுத்துப் போடலாம். முதல் வருஷத்து வட்டியை, மாதம் சுமார் 18,000, படிக்கும்போதே கட்டிவந்தால் பாரம் குறையும். பதில் வழவழ என்றால் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். பல்கலைக்கழகம் அடுத்த வருஷமும் விண்ணப்பம் வாங்கும். வீடு ஒன்றுதான். இப்படிக் கேட்பது மகன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. அவனும் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு விமானம் ஏறட்டும் என்றுதான்.

கேள்வி: எனக்கு எல்லாம் கிடைத்துவிட்டது! ஆகஸ்டில் கிளம்புகிறேன். பெட்டியில் ஒரு கிலோவுக்கு இடம் இருக்கிறது. என்ன வைக்கலாம்?
– பிஎச்.டி. மாணவி, மதுரை

பதில்: வாழ்த்துகள் அம்மா! குக்கர் கேஸ்கட் இரண்டு, வெயிட் வால்வு ஒன்று, மீதி இடத்துக்குப் பெருங்காயம். ராமானுஜனும் கேம்பிரிட்ஜில் தன் கையால்தான் சமைத்துச் சாப்பிட்டார்.